கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பில் இரண்டு வருடம்

என் அண்ணனே, என் முதல் சண்டைக்காரனே,

இன்று காலை சர்ச்சில் ஒரு காரியம் செய்துவிட்டேன். உன் நினைவு ஆராதனையில், உன் கிட்டாரை வைத்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும். வேறு யாராவது உன்னிடம் வந்து கோள் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ஊரும் படிக்கட்டும் என்றுதான் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நீ போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. பெங்களூரில் வேலை செய்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. உன்னை அடக்கம் செய்த அடுத்த ஞாயிறே, சர்ச்சில் பாட்டுக் குழுவை நடத்தும் கொயர் மாஸ்டர் உன் கிட்டாரை என் கையில் கொடுத்தார். "எஸ்தர், நீ வாசிம்மா. ஜான்சன் எப்டி வெச்சானோ அப்டியே இருக்கட்டும். ஒண்ணும் மாத்தாத" என்றார்.

நான் ஒன்றையும் மாற்றவில்லை. சத்தத்தை மாற்றும் ஸ்விட்ச் கழுத்துப் பக்கம் நின்றிருந்தது, அதன் மேல் டேப் ஒட்டினேன். வால்யூமும் டோனும் நின்ற இடத்தில் பேனாவால் கோடு போட்டேன். கம்பியை மீட்டும் உன் பிக்கைக்கூட மாற்றவில்லை, முனை தேய்ந்து வட்டமாகிவிட்டது.

இனி வருவது உனக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். அந்தக் கிட்டாரில் மூன்று பிக்கப், கம்பியின் ஆட்டத்தைச் சத்தமாக்கும் காந்தங்கள். கழுத்துக்குப் பக்கத்தில் கம்பி தாராளமாக ஆடும், அங்கே இருக்கும் பிக்கப்பில் சத்தம் உருண்டையாக, மெத்தென்று வரும். கம்பிகள் வந்து முடிகிற பிரிட்ஜுக்குப் பக்கத்தில் அசையவே இடமிருக்காது, அங்கே இருக்கும் பிக்கப் வெடுக்கென்று பேசும். நீ கழுத்துப் பக்கமே கதி என்று இருந்தாய். அது போதாதென்று மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்துப் பக்கம் லேத் வைத்திருந்தவரிடம் பித்தளையில் சேடில் கடைந்து போட்டாய். கம்பி உட்காரும் அந்தத் துண்டுகள் பித்தளையானதும் மிச்சமிருந்த கூர்மையும் மழுங்கியது. ஸ்பிரிங்கில் ஆடும் பிரிட்ஜை ஆடவிடாமல் பின்னால் மரக்கட்டை செருகினாய். சுருதி கலையாது என்றாய். இன்றுவரை கலையவில்லை.

இதெல்லாம் சேர்ந்து வந்ததைத்தான் ஊர் தேவதூதன் சத்தம் என்றது. எனக்கு அது பிடிக்காது, அண்ணா. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ராபர்ட்சன்பேட்டை கல்யாணங்களில் நீ பிரிட்ஜ் பிக்கப்பில் காது கிழிய வாசிப்பாய். பெரியவர்கள் எழுந்து போவார்கள், நான் மேடைக்குக் கீழேயே நிற்பேன். அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் கிட்டாரையே தொட்டேன். ஹாஸ்டலில் இருந்து படித்துவிட்டு ஊர் திரும்பியபோது உன் சத்தம் மாறியிருந்தது. கிழவனாகிவிட்டாயா என்று கேலி செய்தேன். நீ சிரித்துவிட்டு விட்டுவிட்டாய்.

வாரத்தில் ஆறு நாள் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலேறி பெங்களூருக்குப் போய் சர்க்யூட் போர்டுக்கு சால்டர் வைக்கிறேன். எந்த இடத்தில் எந்தத் துண்டு என்று வரைந்தே கொடுத்துவிடுவார்கள். ஏழாவது நாள் சர்ச்சில் உட்கார்ந்தால் அங்கேயும் நீ வரைந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தாய். நீ நிறுத்திய இடத்தில் நிறுத்த வேண்டும், நீ இழுத்த இடத்தில் இழுக்க வேண்டும். வெளியே வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ண மூடிக்கினா ஜான்சனேதாம்மா" என்பார்கள். எஸ்தர் நன்றாக வாசித்தாள் என்று ஒருவரும் சொன்னதில்லை. வாசிப்பதையே விட்டுவிடலாம் என்று பலமுறை நினைத்தேன்.

விட்டுவிட முடியாமல் போனது அம்மாவால். ஒரு ஞாயிறும் தவறாமல் வந்து, நான் வாசித்து முடிக்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உன்னைக் கேட்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். நான் மாற்றி வாசித்தால் பெற்ற பிள்ளையை அவளிடமிருந்து இன்னொரு முறை பிடுங்கியது போல ஆகிவிடும் என்று பயந்தேன்.

நேற்று ராத்திரி வேலையிலிருந்து வந்து வாசித்துப் பார்த்தபோது வால்யூம் குமிழ் கரகரத்தது. ஆராதனையில் மானம் போய்விடுமே என்று கம்பிகளைத் தளர்த்தி முன்பக்கத் தகட்டைக் கழற்றினேன். பிரிட்ஜ் பிக்கப்பின் ஒயர் துண்டாகக் கிடந்தது. தானாக அறுந்ததல்ல. கட்டரால் நேராக வெட்டி, முனையில் டேப் சுற்றி, மற்ற ஒயர்களில் உரசாமல் மடித்து வைத்திருந்தது. உன் கைவேலை எனக்குத் தெரியாதா?

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இத எப்பம்மா கட் பண்ணான்?"

"உங்கப்பா படுத்துகினு இருந்தப்ப, நீ ஹாஸ்டல்ல இருந்த," என்றாள், தலையை நிமிர்த்தாமல். "மைன்ஸ் தூசி நெஞ்சுல பூந்துகினு, சின்ன சத்தத்துக்கே திடுக்குனு எய்ந்து இருமுவாரு. கீச்சுனு வாசிக்காதடான்னு நான்தான் சொன்னேன். 'கை தானா அந்தப் பக்கம் போவுதும்மா'ன்னு ஒயரையே வெட்டிட்டான். அந்தப் பித்தளகூட அப்பத்தான் போட்டான்."

பிறகு கீரையைத் தள்ளி வைத்தாள். "ஊரே மெச்சுது. எனுக்கு அது உங்கப்பா இருமல் நடுவுல கேட்ட சத்தம்டி. இப்ப இவனும் இல்ல. வாராவாரம் ரெண்டு பேரையும் பொதச்சிட்டு வர்ற மாரி கீது."

"அப்புறம் இன்னாத்துக்கும்மா வந்து உக்கார்ற?"

"நீதான அண்ணன் மாரியே வாசிக்கணும்னு டேப்லாம் ஒட்டி வெச்சிகினு கீற. உனுக்கு அது ஒரு ஆறுதல்னு நெனச்சேன். நான் வரலன்னா நீ தாங்குவியா?"

இரண்டு வருடம், அண்ணா. நான் அவளுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தேன், அவள் எனக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

எனக்கு உன் மேல்தான் கோபம் வந்தது. அப்பா போன பிறகாவது அந்த ஒயரைச் சேர்த்திருக்கலாமே? மறந்துவிட்டாயா? அதற்குள் உனக்கே அது பிடித்துவிட்டதா? இல்லை, நாங்கள் எல்லோரும் புகழ்ந்து புகழ்ந்தே உன்னை அதற்குள் வைத்துப் பூட்டிவிட்டோமா? நான் கேலி செய்த அன்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

சால்டரிங் கம்பியைச் சூடாக்கி ஒயரைச் சேர்த்தேன். இரண்டு நிமிட வேலை. மரக்கட்டையையும் பித்தளையையும் அப்படியே விட்டுவிட்டேன், நல்ல வேலையைக் குறை சொல்லக்கூடாது. டேப்பை உரித்தேன்.

இன்று காலை கொயர் மாஸ்டர் மைக்கைப் பிடித்து, "இப்ப நம்ம ஜான்சனே வாசிப்பாரு" என்றார். எல்லோரும் உன்னைக் கேட்க முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டார்கள். எனக்குத் துணிச்சல் வரவில்லை. முதல் சரணத்தை அச்சு அசலாக உன்னைப் போலவே வாசித்தேன். அம்மாவைப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தாள், மடியில் கை முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் அவள் ஜெபிக்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

இரண்டாவது சரணத்தில் ஸ்விட்சை பிரிட்ஜ் பக்கம் தள்ளினேன்.

தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி வந்தது. முன்வரிசையில் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். கொயர் மாஸ்டர் திரும்பி முறைத்த முறைப்பில் ஒரு கார்டில் விரல்களைத் தப்பான கம்பிகளில் வைத்துவிட்டேன். உன் சத்தத்தில் அந்தத் தப்பு யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். இதில் கடைசி பெஞ்சுவரை கேட்டது. வெட்கத்தில் காது சூடானது, ஆனால் கை நிற்கவில்லை.

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அம்மா சொன்னாள்: "தலவலியே வந்துட்சி. அடுத்த வாரமும் இதயே வாசி."

சிரித்துவிட்டேன். அப்புறம் உள்ளே போய் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உன்னைப் போல வாசிக்கத் தெரிந்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான். அதை ரெக்கார்டு பண்ணி வைக்க நமக்குத் தோன்றவே இல்லை. நான் நிறுத்திவிட்டால் அது எங்கேயும் இல்லை. இரண்டு வருடமாக ஞாயிறுக்கு ஞாயிறு நீ வந்துகொண்டுதான் இருந்தாய். இன்று இரண்டாவது சரணத்தில்தான் போனாய், அனுப்பி வைத்தது நான்தான்.

கொயர் மாஸ்டர் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறாராம். பழையபடி வைக்கச் சொல்வார். அம்மாவைக் காரணம் காட்டி அழவும் வைப்பார். அவர் பேச்சை நான் என்றைக்கும் மறுத்துப் பேசியதில்லை. அதனால்தான் அவர் வருவதற்குள் இதை எழுதி முடிக்கிறேன். அந்த ஒயரை யாருக்காகவும் மறுபடி வெட்டமாட்டேன், அண்ணா. நீயே எழுந்து வந்து கேட்டாலும்.

உன் பேச்சை ஒருநாளும் கேட்காத தங்கச்சி,
எஸ்தர்