ஜமீலா முகத்தில் விழுந்த செருப்பு

அன்புள்ள உம்மு ஹானிக்கு,

உனக்கும் பிள்ளைகளுக்கும் இறைவன் நலம் தரட்டும். முழங்கால் வலி தேவலையா? வேலைக்கு வந்த இந்த அகபா ஊரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மூக்கு மட்டும் கொஞ்சம் இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. பயப்படாதே.

நோன்பு திறந்ததும் எங்கள் அறையில் எல்லாரும் டிவியில் ரமலான் தொடர் பார்ப்பார்கள். வியாழக்கிழமை கடைசிப் பகுதி. கதாநாயகி ஜமீலாவை அவள் அண்ணன் கத்தியோடு துரத்த, கொத்தனார் பகீத் தேம்பித் தேம்பி அழுதான்.

"கூலிக்கு நடிக்கிறவளுக்கா அழுறீங்க, கழுதைகளா!" என்று செருப்பைக் கழற்றி எறிந்தேன். ஜமீலாவின் முகத்திலேயே விழுந்து திரை நொறுங்கியது.

பகீத் பருப்புச் சட்டியால் என் முகத்தில் அடித்தான். மார்பில் ஏறி உட்கார்ந்து குத்தினான். நானும் அவன் காதைக் கடித்தேன். யார் ரத்தம் என்றே தெரியவில்லை.

"நாலு பேப்பர் படிச்சா நீ பெரிய உஸ்தாஸா, எல்லாம் தெரிஞ்ச வாத்தியாரா? ஊர்ல என் பொண்டாட்டியும் இப்ப இதைத்தான்யா பார்க்குறா. நாங்க ஒண்ணா உட்காருறது தினம் இந்த ஒரு மணி நேரந்தான்!" குத்துக்கு ஒரு வார்த்தையாகச் சொன்னான்.

என் பழைய மூக்குக்கண்ணாடியையும் கொஞ்சம் காய்ந்த முலூக்கியா கீரையையும் இங்கே வருகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்பு.

நான் ஊருக்கு வரும்போதெல்லாம் என் காலடி கேட்டதும் டிவியை அணைப்பாய். இனி அணைக்காதே.

பக்கத்து அறைகளில் கேட்டு, தொடரின் முடிவு இங்கே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கேட்டால், "உஸ்தாஸுக்கு எதுக்கு அதெல்லாம்?" என்கிறார்கள். இந்தக் கடிதத்தைக் கொண்டுபோகும் வேன்காரர் அவசரப்படுத்துகிறார். ஜமீலா பிழைத்தாளா? முதல் வரியிலேயே எழுது.

உன்,
ஷவ்கி