கேட்டில் பிடிபடாத காய்ச்சல்

தளி
12-4-2021

அன்பு மருமகள் சுஜாதாவுக்கு, பெருமாள் மாமா எழுதிக்கொண்டது.

இங்கே நானும் உன் அத்தை மங்கம்மாவும் சௌக்கியம். பெங்களூர் ஆராய்ச்சிக்கூடத்தில் நீயும் உன் வைரஸ்களும் சௌக்கியமா? போனில் பேசினால் நடுவில் புகுந்து கணக்குக் கேட்கிறாய். கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை.

ஓசூர் கம்பெனியில் என்னை கேட்டில் போட்டிருக்கிறார்கள். கையில் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கி. தினம் ஆறாயிரம் நெற்றி. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் விசாரிப்பேன். துப்பாக்கியைத் தூக்கினாலே வைரஸ் கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் ஓடிவிடுகிறது. இதுவரை நாற்பது பேரைப் பிடித்திருக்கிறேன். ஜெனரல் மேனேஜரே என்னைக் கண்டால் முதலில் மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு, பிறகுதான் குட்மார்னிங் சொல்கிறார்.

ஒரு சந்தேகம். வைரஸ் உருமாறிவிட்டது என்று பேப்பரில் போட்டிருக்கிறான். நான் அடிக்கிற அடியில் பயந்துதான் வேஷம் மாற்றிக்கொண்டதா? அப்படியானால் உன் ரிப்போர்ட்டில் என் பெயரையும் சேர்த்துவிடு. எட்டாம் வகுப்பு என்று போட வேண்டாம்.

உன் வருகைக்குக் காத்திருக்கும்,
பெருமாள் மாமா, மெயின் கேட் பொறுப்பு


பெங்களூர்
16-4-2021

அன்புள்ள மாமாவுக்கு,

வைரஸுக்குப் பயம் தெரியாது. ஒரு உடம்பில் நுழைந்தால் தன்னைக் கோடிக்கணக்கில் நகல் எடுக்கும். எடுக்கும்போது பிழை வரும். பெரும்பாலும் வீண் பிழை. என்றாவது ஒன்று, நாம் போட்ட தடையைத் தாண்டத் தோதாக அமைந்துவிடும். அப்புறம் அதுதான் பெருகும்.

உங்கள் துப்பாக்கி காய்ச்சல் அடிப்பவரை நிறுத்துகிறது. காய்ச்சல் வருவதற்கு முன்பே பரவும் வகை உங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போகும். எல்லா ஊரிலும் இந்த ஒரு தடை மட்டும் இருந்தால் கடைசியில் மிஞ்சுவது அந்த வகைதான். மாஸ்க் போடுவதும் உடம்பு சரியில்லாதவர் வீட்டில் தங்குவதும் வேறு. அடுத்த உடம்பு கிடைக்காவிட்டால் நகல் இல்லை. நகல் இல்லாவிட்டால் பிழையும் இல்லை.

நாற்பது பேர் என்கிறீர்கள், இருக்கட்டும். உங்களுக்கு மூன்று நாளாக இருமல், ராத்திரி உடம்பு கொதிக்கிறது என்று நேற்று அத்தை போனில் சொன்னார். அப்படியும் டியூட்டிக்குப் போகிறீர்களாமே. உங்கள் துப்பாக்கி உங்களை எப்படி விட்டது? அத்தைக்குச் சர்க்கரை இருக்கிறது. இதற்கு மட்டும் கதை வேண்டாம் மாமா.

சுஜாதா


தளி, தக்காளித் தோட்டம்
22-4-2021

சுஜாதாவுக்கு,

கதை இல்லை.

பெயின்ட் அடிக்கும் பிரிவில் பாஸ்கரன் என்று மதுரைப் பக்கத்து ஆள். கண் சிவந்திருந்தது, நெற்றி ஜில்லென்று இருந்தது. விசாரித்தேன். "மாத்திரையப் போட்டுட்டுத்தாண்ணே வாரேன். லீவுன்னா சம்பளத்துல பிடிச்சிருவாங்கல்ல. பாதிப் பேரு இப்படித்தான்" என்றான். நான் அவனைத் திட்டவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்ததும் நானும் விடியற்காலை ஒரு மாத்திரை போட்டேன். எனக்குச் சம்பளக் கவலைகூட இல்லை. என் கேட்டில் வேறொருவன் துப்பாக்கி பிடிப்பதைப் பார்க்க மனசில்லை, அவ்வளவுதான். துப்பாக்கியை என் நெற்றிக்கு நானே காட்டினேன். 97.8.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. மறுநாள் காலை கேட்டுக்கு வெளியே தள்ளி நின்று, பஸ்ஸில் வந்தவர்களிடம் நான் செய்ததைச் சொன்னேன். துப்பாக்கியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய் டெஸ்ட் கொடுத்தேன். எனக்கு இருக்கிறது.

மோட்டார் ரூமில் தனியாக இருக்கிறேன். உன் அத்தை வரப்பில் தட்டை வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பார்க்கிறாள். இந்தக் காகிதத்தையும் வெயிலில் காயவைத்துத்தான் தபாலில் போடுவாளாம். அவள் மூக்கிலும் குச்சி விட்டிருக்கிறார்கள். முடிவு வரவில்லை. அவளுக்கு வந்தால், அது என் கேட் வழியாக வந்ததுதான்.

மாமா


தளி, வீடு
7-5-2021

அன்பு மருமகளே,

உன் அத்தைக்கு இல்லை. ஒரு வாரம் விட்டு இன்னொரு தடவையும் பார்த்தாயிற்று. இல்லை. நேற்று அவள் தோட்டத்துக் கேணியடியில் நின்று, "போதும் வாய்யா, குளிச்சிப்புட்டு வந்து சோறு தின்னு" என்றாள். கல்யாணத்துக்குக் கூப்பிட்டபோதுகூட நான் அத்தனை வேகமாக நடந்ததில்லை.

மோட்டார் ரூமில் மூன்று பாம்பைக் கையாலேயே விரட்டினேன். அது கிடக்கட்டும், கணக்குக் கேட்டாய் அல்லவா? கேட்டில் பிடித்தது நாற்பது இல்லை, நாலு. உருப்படியாக நிறுத்தியது ஒன்றே ஒன்று: என்னிடமிருந்து உன் அத்தைக்குப் போக இருந்தது. உன் ரிப்போர்ட்டில் அதைச் சேர்க்க முடியாது என்று எனக்கே தெரியும்.

பெருமாள் மாமா

சுஜாதா கண்ணு, இது அத்தை எழுதுகிறேன். கவரை ஒட்டுவதற்கு முன்னால் படித்தேன். பாஸ்கரன் போன் பண்ணியிருந்தான். மாமா கேட்டில் நின்று சொன்ன அன்றைக்கு, மாத்திரை போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்த பதினெட்டுப் பேர் அப்படியே ரூமுக்குத் திரும்பிவிட்டார்களாம். அதற்குப் பிறகுதான் கம்பெனி, காய்ச்சல் லீவுக்குச் சம்பளம் பிடிப்பதில்லை என்று போர்டில் ஒட்டியதாம். மாமாவுக்கும் இதெல்லாம் தெரியும். ஒன்று என்று எழுதியிருக்கிறார். முப்பது வருஷத்தில் இந்த மனுஷன் குறைத்துச் சொல்லி நான் பார்த்ததில்லை. பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருக்கிறது. மாத்திரை எதுவும் போடவில்லை.