போனை வைக்கிறேன்

ஜூன் 22, 2025

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். என் மகள் கௌசல்யா ஹாங்காங்கில் வேலை பார்க்கிறாள் என்று எங்கள் எரியோடு ஊர் முழுக்க நான் சொல்லித் திரிந்தது தப்பு. அது ஹாங்கோ. பின்லாந்து தேசத்தில், கடலோரம் ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு தங்கும் விடுதியில் வேலை. பக்கத்து வீட்டு சைதூன், "ஏக்கா, ஹாங்காங்குல வெயிலு கொளுத்துதாமே, ஒங்க பிள்ள எதுக்கு ஸ்வெட்டர் போட்டுருக்கு?" என்று கேட்ட பிறகுதான் விசாரித்தேன்.

ஜூலை 9

கடற்கரையை வீடியோவில் காட்டினாள். கோடை என்றால் அங்கே அம்புட்டுக் கூட்டம். "என்னடி, வத்தல் காயப்போட்ட மாதிரி ஆளுகளக் காயப்போட்டிருக்கு?" என்றேன்.

"மெதுவாப் பேசும்மா, ஓனரம்மா நிக்கிறாங்க."

விடுதிக்கார அம்மா பெயர் மார்யா. எனக்கு மாரியம்மா.

ஆகஸ்ட் 16

இந்த மாதத்தோடு சீசன் முடிகிறதாம். அப்புறம் ஊரே காலி. கொடைக்கானல் மாதிரியா என்றேன். "கொடைக்கானல்ல குளிர்லயும் ஆள் இருக்கும்மா" என்றாள்.

குளிர்காலம் முழுக்க விடுதியைப் பார்த்துக்கொள்ள ஒரே ஒரு ஆளை வைத்துக்கொள்வார்கள். கௌசல்யாவுக்கு இருக்க ஆசை. சின்னப் பிள்ளை தனியாக இருக்குமா என்று மாரியம்மாவுக்கு யோசனை. பெற்றவள் வாயால் சரி என்று வரட்டும், நாளைக்கு வீடியோவில் நானே கேட்கிறேன் என்கிறாளாம்.

நான் சொல்ல மாட்டேன். குளிர்காலத்துல அங்க பகல்லயும் இருட்டாமே, அந்த இருட்டுல யாரு மொகத்தப் பாத்துச் சோறு திம்பா? வீட்டுக்கு வரட்டும். வீட்டுக்கு அனுப்பு என்பதற்கு இங்கிலீஷில் 'சென்ட் ஹோம்' — தண்ணீர் பிடிக்கும்போதுகூடச் சொல்லிப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 17

பேசியாச்சு. மகள் சொல்லிக் கொடுத்துவிடுவாள் என்று மாரியம்மா அவளை வெளியே அனுப்பிவிட்டாள். மாரியம்மா முகத்தைப் பார்த்ததும் படித்ததெல்லாம் மறந்துபோச்சு. வணக்கம் சொன்னேன். சாப்பிட்டாச்சா என்றேன். அவள் நீளமாக ஏதோ கேட்டாள். செத்த நேரம் சிரித்துப் பார்த்தேன். அப்புறம் போனை வைத்துவிடலாம் என்று, "ஓகே மேடம், கீப், கீப்" என்றேன். வைக்கிறதுக்கு அதுதானே இங்கிலீஷ்?

மாரியம்மா ஏன் கண்ணைத் துடைத்தாள்?

ஆகஸ்ட் 18

"யம்மா, நெசமாவே நீயா சொன்ன? என்னைய வச்சுக்கச் சொல்லி ரெண்டு தரம் சொன்னியாமே."

போனை வைக்கிறேன்னுல்லடி சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், "நீ வேணாம்பேன்னு பயந்துக்கிட்டே கெடந்தேம்மா" என்று அழுதாள்.

"நான் சொன்னா சொன்னதுதான்" என்றேன்.

செப்டம்பர் 14

கடற்கரையைக் காட்டினாள். ஒரு ஆள் இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்டோபர் 21

நேற்று தீபாவளி. கௌசல்யா தனியாக முறுக்கு சுட்டிருக்கிறாள். எண்ணெய் புகைந்து, விடுதியில் அலாரம் அடித்து, தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. சத்தம் கேட்டு, ஊரில் மிச்சம் இருந்த சனம் முழுக்க வாசலில் வந்து நின்றதாம். நெருப்பு ஒன்றும் இல்லை. வந்தவர்களைச் சும்மா அனுப்பக் கூடாதே என்று உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, எல்லாருக்கும் கொடுத்திருக்கிறாள். முறுக்கு போதவில்லை. வண்டி ஓட்டி வந்தவருக்கு உடைந்ததுதான் கிடைத்ததாம்.