ஒரே வட்டில்

1942, மாசி 20
இன்று பார்த்து எழுதாமல் என் பெயரை எழுதினேன். சடையன். அறுபத்தேழு வயதில்! மருமகள் ராஜம்மாள்தான் சொல்லிக் கொடுக்கிறாள். இந்தக் குறிப்பையும் நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். "கோணலா இருந்தாலும் உங்க பேருதானுங்க மாமா" என்றாள். கோணலாகவே இருக்கட்டும்.

மாசி 24
சேந்தமங்கலம் கொட்டகையில் எங்கள் கதையைப் படமாக ஓட்டுகிறார்களாம். ராஜாவும் புல்லறுப்பவனும் சிநேகிதரான கதை. இருபது வருஷமாக ஊர்த் திருவிழாவான மாரியம்மன் நோம்பியில் பட்டப்பகலில் நாங்கள் கூத்தாக ஆடுவது அதைத்தான். பண்ணையக்காரர் சின்னுசாமி ராஜா. அவர் காட்டில் கூலிக்கு உழுது களை எடுக்கும் நான் புல்லறுப்பவன். முடிவில் இருவரும் ஒரே கட்டிலில் உட்கார்ந்து ஒரே வட்டிலில் களி தின்போம். நிஜக் களி. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அவருக்குச் சமமாக நான் உட்காருவது.
நாளை வண்டி கட்டிப் போகிறோம்.

மாசி 25
த்தூ!

மாசி 26
நேற்று அதற்கு மேல் சொல்ல முடியவில்லை.
ராஜா வேட்டைக்குப் போனால் பாட்டு, காலில் முள் குத்தினால் பாட்டு. பொறுத்துக்கொண்டேன். புல்லறுப்பவன் குடிசைக்கு அவர் வந்ததும் எழுந்து நின்று, "இப்பக் களி வரும் பாருங்க!" என்று கத்தினேன். வரவில்லை. வெள்ளித் தட்டு வந்தது. அந்தக் குடிசைக்கு வெள்ளித் தட்டு ஏது? ராஜா தனியாகத் தின்றார். சிநேகிதன் கை கட்டி நின்றான். பிறகு காலில் விழுந்தான்.
"உக்காருய்யா, மறைக்குது" என்றார்கள் பின்னாலிருந்து.
"மொதல்ல உழுந்தவன எந்திரிக்கச் சொல்லுங்க" என்றேன்.
கொட்டகையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

பங்குனி 2
நோம்பியை நடத்தும் ஊர்ப் பெரியவர் வெள்ளியங்கிரி என்னையும் சின்னுசாமியையும் மாரியம்மன் கோயிலுக்குக் கூப்பிட்டார். அவரும் படம் பார்த்தாராம்.
"அதுதான் லட்சணம். இனிமே வட்டல் கிட்டலெல்லாம் வேண்டாம். நீ கால்ல உழுந்துரு."
"உழமாட்டனுங்க."
"உங்க கதை எந்தப் புஸ்தகத்துல இருக்குதடா?"
சின்னுசாமி பக்கத்திலேயே நின்றார். தரையைப் பார்த்தார். சுட்டது அதுதான். இருபது வருஷம் ஒரே வட்டிலில் தின்ற கை அல்லவா?

பங்குனி 5
புஸ்தகம் கேட்டாரே, என் கையாலேயே எழுதுகிறேன். ஆட்டம் முழுவதும், நாங்கள் பேசுகிறபடியே. நாளுக்கு அரைப் பக்கம். விரல் வலிக்கிறது. சிரிப்பும் வருகிறது.

பங்குனி 10
கொண்டுபோய் நீட்டினேன். வெள்ளியங்கிரி வாங்கவில்லை.
"நீ எழுதுனா புஸ்தகமாயிருமா?"
"ஆவாதுங்களா? படிக்கறன், கேளுங்க."
எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். களி தின்னும் இடம் வந்ததும் எழுந்து போய்விட்டார். சாயங்காலம் அவர் ஆள் வந்து சொன்னான்: விழுந்தால் ஆட்டம் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

பங்குனி 12
நோம்பி. ஆட்டம் இல்லை. நான் விழவில்லை.

பங்குனி 13
மத்தியானம் சின்னுசாமி வந்தார். வேஷம் இல்லை. காட்டு மண் ஒட்டிய காலோடு வந்து வாசலில் கிடந்த என் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார். நான் நின்றேன்.
"உக்காரு சடையா. பசிக்குது."
ராஜம்மாள் இரண்டு வட்டிலில் களி கொண்டுவந்தாள். ஒன்றைத் திருப்பி அனுப்பினார்.
"உங்க ஊட்டுல என்னங்க சொல்லுவாங்க?"
"அன்னிக்குக் கோயில்ல வாயத் தொறக்காம நின்னதுக்கே ஊட்டுக்காரி சொல்ல வேண்டியதச் சொல்லிப்போட்டா. நீ தின்னு."
பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரே வட்டிலில் தின்றோம். தெருவில் வெள்ளியங்கிரியின் வண்டி மெதுவாகப் போனது. உள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.
நாங்கள் எழுந்திருக்கவில்லை.