பம்பை மாற்றியவள் நான்

நீங்கள் எனக்குச் செய்த தவறை முதலில் எழுதிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் மனது இளகிவிடும். அந்த வண்டியின் பம்புகளை மாற்றியவள் நான். பெட்ரோல் பம்ப், தண்ணீர் பம்ப் இரண்டையும் நான்தான் மாற்றினேன். நீங்கள் டார்ச் பிடித்தீர்கள். உயிரோடு இருந்தவரை அதை நீங்கள் ஒருவரிடமும் சொல்லவில்லை. நம் மகனிடம்கூட.

இன்று உங்கள் வருடத் திருப்பலி. வந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். என் விரலில் பெட்ரோல் வாசனை இருக்கிறது. சோப்பு போட்டேன், சீயக்காய் போட்டேன், போகவில்லை. இந்த வாசனை கையில் இருந்தால் நீங்கள் சோற்றைத் தொட மாட்டீர்கள். நான் தொட்டுப் பழகியவள். களைப்பாக இருக்கிறது. ஆனாலும் எழுதி முடித்துவிட்டுத்தான் படுப்பேன்.

துபாயிலிருந்து திரும்பிய ஒருவரிடமிருந்து அந்த வண்டியை வாங்கி வந்தீர்கள். அப்போதே அதற்கு வயதாகிவிட்டிருந்தது. இரண்டு பக்கமும் பெட்டி, முன்னால் பெரிய கண்ணாடி, யானை போல ஒரு மோட்டார் சைக்கிள். அது முதல் முறை நந்தனம் சிக்னலில் நின்றது. கடைக்காரர் பம்ப் போய்விட்டது என்றார், புதிது போட்டார். அடுத்த வாரமே அதே சிக்னலில் மறுபடி நின்றது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. வண்டியோடு வந்த புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். பள்ளியில் அத்தனை வருடம் கணக்கு நடத்தியவளுக்கு வயரிங் படமும் ஒரு கணக்குத்தான். யாரும் சொல்லித் தரவில்லை. புதுப்பேட்டை பார்ட்ஸ் கடைகளுக்குப் போய்க் கேட்டால், “சாரை வரச் சொல்லுங்கம்மா” என்றார்கள். பழுது பம்பில் இல்லை, அதற்குக் கரண்ட் கொடுக்கும் ரிலேயில். அதைக் கண்டுபிடித்த அன்று நான் ஒரு விதி வைத்துக்கொண்டேன். முதலில் சத்தம், பிறகு கரண்ட், பிறகு எர்த், கடைசியில்தான் பம்ப். நீங்கள் அதைச் செபம் போல ஒப்பிப்பீர்கள். ஒப்பிப்பீர்களே தவிர, செய்ய மாட்டீர்கள்.

என் முழங்கால் மடங்க மறுத்த பிறகு நான் உங்கள் பின்னால் உட்காரவில்லை. நீங்கள் உங்கள் பைக் கூட்டத்தோடு போனீர்கள், நான் போனோடு வீட்டில் இருந்தேன். வழியில் வண்டி நின்றால் என்னைக் கூப்பிடுவீர்கள். எப்படிக் கூப்பிடுவீர்கள்?

“நைனா, இன்னா இது, வண்டி உசுரு வரல!”

கட்டிய மனைவியை, ஆண்பிள்ளையைக் கூப்பிடுவது போல நைனா என்று கூப்பிட்ட ஆள் மயிலாப்பூரிலேயே நீங்கள் ஒருவர்தான். சுற்றி நிற்பவர்கள் யாரோ மெக்கானிக் என்று நினைத்துக்கொள்ள வேண்டும், அதற்காக. நானும் அடுப்பை அணைப்பேன், ஃபேனை நிறுத்துவேன், “போனை டேங்க் மேல வையுங்க, சாவியத் திருப்புங்க” என்பேன். எங்கோ கடலூர்ப் பக்கத்து ரோட்டில் அந்தப் பம்ப் ஒரு நொடி முனகுவது இங்கே என் சமையலறையில் கேட்கும். கேட்டால் பம்ப் உயிரோடு இருக்கிறது. கேட்காவிட்டால் அடுத்த கேள்வி.

மரக்காணம் தாண்டித் தண்ணீர் ஒழுகியதே, நினைவிருக்கிறதா? ரேடியேட்டர் ஓட்டை என்று எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். “எங்கேயிருந்து சொட்டுது, குனிஞ்சு பாருங்க” என்றேன். “இருட்டா கீது நைனா” என்றீர்கள். பட்டப்பகலில்! பெட்டியில் டார்ச் இருப்பதை நான்தான் நினைவுபடுத்தினேன். தண்ணீர் பம்புக்கு அடியில் ஒரு சின்னத் துளை இருக்கிறது. உள்ளே சீல் தேய்ந்தால் அது வழியாகத்தான் சொட்டும். அங்கிருந்துதான் சொட்டியது. அடிக்கடி நிறுத்தித் தண்ணீர் ஊற்றி, மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தீர்கள். நான் போர்ட்டிகோவில் பாய் விரித்து உட்கார்ந்து அந்தப் பம்பைப் பிரித்தேன். அடுத்த ஞாயிறு கோயில் வாசலில், “தண்ணி பம்ப வீட்லயே மாத்திட்டேன்பா” என்று நீங்கள் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

ஏன் இப்படி என்று கேட்டதற்கு என்ன சொன்னீர்கள்? “சொன்னா அடுத்த தடவ உன்னையும் கூட்டிட்டு வரச் சொல்வானுங்க டீச்சர். அப்புறம் வீட்ல போன் எடுக்கறது யாரு?” நீங்கள் சிரித்தீர்கள். எனக்கு அன்றும் சிரிப்பு வரவில்லை, இன்றும் வரவில்லை.

அதன் பலனை நான்தான் அனுபவித்தேன். நீங்கள் போன பிறகு வண்டி ஒருநாள் கிளம்பவில்லை. நம் மகன் ஜெரோம் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதை அடையாறில் ஒரு கடைக்கு அனுப்பிவிட்டான். அவர்கள் புதுப் பம்ப் போட்டார்கள். சில நாள் ஓடியது, மறுபடி நின்றது. “வயசான வண்டி, இனிமே தாங்காது” என்று சொல்லிவிட்டார்கள். பார்ட்ஸுக்காக உடைத்து விற்கிற ஒருவரை ஜெரோம் பிடித்திருக்கிறான். நாளை மறுநாள் வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. நேற்றுத்தான் வண்டியை டெம்போவில் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கினான். நான் பார்க்கிறேன் என்றேன்.

“அம்மா, உனக்கு எதுக்கு இதெல்லாம்? டாடி இருந்தா பார்த்திருப்பாரு” என்றான்.

டாடி பார்த்திருப்பாராம். என் வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு, பேட்டரியை மட்டும் கழற்றிச் சார்ஜ் போட்டேன்.

இன்று திருப்பலி முடிந்து உங்கள் கூட்டம் வீட்டுக்கு வந்தது. கேக் சாப்பிட்டுக்கொண்டே திருவல்லிக்கேணி அன்வர் மெதுவாக ஆரம்பித்தான்.

“அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. அண்ணன் ஒர்த்தருக்கு போன் போடுவாரே, நைனா நைனான்னு. மயிலாப்பூர் மெக்கானிக்கு. அவரு நம்பர் கீதா? என் வண்டி பேஜார் பண்ணிக்கினு கீது.”

“இருக்கு. என் நம்பர்தான்” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஜெரோமும் சிரித்தான். நான் சிரிக்காமல் அன்வரைப் பார்த்தேன்.

“உன் வண்டி கொஞ்ச தூரம் ஓடிட்டுத்தானே நிக்குது?”

“ஆமா.”

“நின்னப்புறம் டேங்க் மூடியத் திறந்தா உஸ்ஸுன்னு காத்து இழுக்குதா?”

“ஆமா அண்ணி.”

“மூடிட்டு ஸ்டார்ட் பண்ணா மறுபடி கொஞ்ச தூரம் போகுதா?”

அன்வர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தான். “அந்த நைனாவும் இப்படித்தான். நாங்க ஒண்ணு கேட்டா அண்ணன் மூலமா திருப்பி மூணு கேப்பாரு.” பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தான். “யப்பா... அண்ணி, நீங்களா அது?”

நான் எழுந்து போர்ட்டிகோவுக்குப் போனேன். எல்லோரும் பின்னால் வந்தார்கள்.

கடைக்காரர் பழைய பம்பை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்திருந்தார். அதை எடுத்துப் பேட்டரியில் ஒரு நொடி தொட்டேன். முனகியது. அது சில வருடங்களுக்கு முன் நான் மாட்ட, நீங்கள் டார்ச் பிடித்த பம்ப். நல்ல பம்பைத்தான் கழற்றியிருக்கிறார்கள். வண்டிக்குப் பேட்டரியை மாட்டி, சீட்டைக் கழற்றி, டேங்குக்கு அடியில் பம்புக்குப் போகிற பிளக்கைப் பிரித்தேன். இரண்டு வயர் கட்டிய என் டெஸ்ட் பல்பின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவில் மாட்டி, மறுமுனையைப் பிளக்கில் வைத்து, அன்வரைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். பல்பு எரிந்தது. கரண்ட் வருகிறது. பிறகு பல்பைப் பிளக்கின் இரண்டு முனைகளுக்கு நடுவே வைத்தேன். எரியவில்லை. அப்படியென்றால் கரண்ட் திரும்பிப் போகிற எர்த் இல்லை. சீட்டுக்கு அடியில் எர்த் வயரின் போல்ட் கடல்காற்றில் பச்சை பூத்துக் கிடந்தது. என் விதியில் மூன்றாவது. அதைத் தாண்டிக் குதித்து நேரே நான்காவதுக்குப் போயிருக்கிறார்கள்.

உப்புக் காகிதத்தால் தேய்த்து முறுக்கினேன். பிளக்கை மாட்டினேன். அன்வர் சாவியைத் திருப்பினான். பம்ப் முனகியது. பட்டனை அமுக்கினான், இரண்டு முறை இருமிவிட்டு வண்டி கிளம்பியது. உங்கள் கூட்டம் கைதட்டியது. ஜெரோம் தட்டவில்லை. சத்தம் அடங்கிய பிறகு, “டாடி ஏம்மா சொல்லவே இல்ல?” என்று கேட்டான். அதற்குப் பதில் நீங்கள் சொல்ல வேண்டியது.

இனி நடக்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஜெரோம் நாளைக் காலை அந்த ஆளுக்குப் போன் போட்டு வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொல்ல வேண்டும். மெசேஜ் கூடாது, வாய் திறந்து சொல்ல வேண்டும். யார் சரிசெய்தது என்று கேட்டால் அம்மா என்று சொல்ல வேண்டும். அடையாறு கடைக்காரர் ஒரு டெஸ்ட் பல்பு கட்டிக்கொள்ள வேண்டும். அன்வர் தன் டேங்க் மூடியில் அடைத்துக்கொண்ட காற்றுத் துளையை மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்ய வேண்டும், புதுப் பம்ப் வாங்கக் கூடாது. திருவிழாவுக்கு உங்கள் கூட்டம் வேளாங்கண்ணி போகும்போது இந்த வண்டியும் போக வேண்டும், ஜெரோம் ஓட்ட வேண்டும். வழியில் நின்றால் போனை டேங்க் மேல் வைக்க வேண்டும். நான் அடுப்பை அணைக்க வேண்டும்.

அவர்கள் என்னை அண்ணி என்று கூப்பிடலாம், டீச்சர் என்று கூப்பிடலாம், மெக்கானிக் என்றே கூப்பிடலாம். நைனா என்று மட்டும் ஒருவரும் கூப்பிடக் கூடாது.