முதலில் பம்ப்

ஜனவரி 9

அப்பா,

போனில் சொன்னால் மறந்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன். சட்டைப் பையிலேயே வைத்திருங்கள். அக்கா எல்லாம் சொன்னாள். கால் தரையில் ஒட்டிக்கொள்கிறதாம். பாத்ரூம் போவதற்குள் உடுப்பு நனைந்துவிடுகிறதாம். கண்ணாடியை பிரிட்ஜில் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடினீர்களாம். வயசாகிவிட்டது என்று கதை விடாதீர்கள். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். வியாழக்கிழமை. மறுபேச்சு வேண்டாம்.

ஸ்பேனர்

ஜனவரி 20

அன்புள்ள ஸ்பேனருக்கு,

ஸ்கேன் எடுத்தாச்சு. மூளைக்குள் நீர் இருக்கும் அறைகள் வீங்கியிருக்கிறதாம். மண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் வைக்க வேண்டுமாம். மயக்க மருந்து தாங்குமா என்று நெஞ்சையும் பார்த்தார்கள். அங்கேயும் இருதயத்தின் இடது கீழறை வீக்கம். பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போட்டீர்களா என்று டாக்டர் கேட்டதும் உன் அக்கா என்னை முறைத்தாள். எனக்கு ஓட்டையும் வேண்டாம், குழாயும் வேண்டாம். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன் நான். கண்டக்டர் மாதிரி நீ விசில் ஊதினால் கிளம்பிவிடுவேனா? நேரத்துக்குச் சாப்பிடு. ஸ்கேன் எடுத்தாச்சு.

அப்பா

ஜனவரி 28

அப்பா,

மூளையில் ஊறும் நீர் சரியாக வடியாமல் தேங்குகிறது. அறை வீங்கி மூளையை நெருக்குகிறது. குழாய் வைத்தால் வயிற்றுக்குள் வடிந்துவிடும். நெஞ்சு கதை வேறு. வருஷக்கணக்காக அதிக அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளித் தசை தளர்ந்து, அறை பெருத்துவிட்டது. அதை வடிக்க முடியாது. மாத்திரை, உப்புக் குறைப்பு, பொறுமை. பம்ப் ரிப்பேர் என் தொழில், எனக்குத் தெரியாதா? அடுத்த வாரம் முதுகில் ஊசி போட்டுக் கொஞ்சம் நீர் எடுப்பார்கள். நடை தேறினால் குழாய் பலிக்கும். ஒழுங்காகப் போங்கள்.

ஸ்பேனர்

பிப்ரவரி 4

என் கண்ணு ஸ்பேனர்,

நேற்று நீர் எடுத்தார்கள். இன்று காலை யாரையும் பிடிக்காமல் தெருமுனை வரை நடந்து பேப்பர் வாங்கி வந்தேன். உன் அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உன் கடிதங்களை இன்றுதான் புரிந்து படித்தேன். நன்றாகத் திட்டுகிறாய்.

இந்தத் தெளிவு இரண்டு மூன்று நாள்தானாம். அதற்குள் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் மேஜையிலேயே உயிர் போனாலும் போகலாம் என்கிறார் இருதய டாக்டர். போகட்டும். குழாயை வைத்துவிடு. அடுத்த வாரம் வேண்டாம் என்று கத்துவேன். அது நான் இல்லை, தேங்கிய தண்ணீர். நீ விசிலை ஊது.

அப்பா

பிப்ரவரி 13

அப்பா,

சொன்னபடியே நேற்று கத்தினீர்களாம். மூளை டாக்டர் இப்போதே வைக்கலாம் என்கிறார். ஆறு மாதம் மாத்திரை போட்டு இருதயம் தேறினால் ஆபத்து குறையும் என்கிறார் இருதய டாக்டர். முதலில் பம்ப், பிறகு குழாய். எந்த இடத்திலும் அதுதான் வரிசை. ஆகஸ்டுக்கு நாள் குறித்துவிட்டேன். மேஜையிலேயே நீங்கள் போய்விட்டால் நான்... அதை விடுங்கள். மாத்திரையை விழுங்குங்கள்.

ஸ்பேனர்

செப்டம்பர் 30

அப்பா,

உங்கள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம். குழாய் ஒழுங்காக வடிகிறது. இருதயம் நன்றாகத் தேறிவிட்டது என்று டாக்டர் எனக்குக் கை கொடுத்தார். அத்தனை நாள் நெருக்கப்பட்டுக் கிடந்த மூளைதான் திரும்பவில்லை. "பிப்ரவரியிலேயே வச்சிருந்தா..." என்று மூளை டாக்டர் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். என் வரிசை தப்பு அப்பா.

காலையில் சட்டைப் பையிலிருந்து என் பழைய கடிதத்தை எடுத்து என்னிடமே காட்டினீர்கள். "என் பையன் எழுதினது. வாய் ஜாஸ்தி. இவனுக்கு ஒரு பதில் போடணும். பேனா இருக்கா தம்பி?"

கொடுத்தேன். தாளும் கொடுத்தேன். இந்த வரியை எழுதும்போதும் பார்க்கிறேன். பேனா மூடியை நீங்கள் இன்னும் திறக்கவில்லை.

ஸ்பேனர்