கை நனைக்காத கோடைகள்

சரோ, என் சரோஜா,

தீர்த்தமலைக்கு அப்பால் இருக்கிற நம் பள்ளத்தாக்குக்கு, நீ கண்மூடிய பிறகு வந்த இந்த மே மாதம், தனியாகப் போய் வந்தேன். போக வேண்டாம், அங்கே போனால் அழுவீர்கள் என்று கல்லூரியில் எல்லோரும் தடுத்தார்கள். நான் அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எத்தனை கோடைகள் அப்படிப் போயிருப்போம்? விடைத்தாள் திருத்தி முடித்ததும் சேலத்தில் பஸ் ஏறி அரூரில் இறங்குவோம். நீ ஸ்டவ்வைத் தூக்கிக்கொள்வாய், நான் அரிசிப் பையைத் தூக்கிக்கொள்வேன். பக்கத்து வீட்டு முனியம்மாவின் மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போனதில் சும்மா கிடந்த ஓட்டு வீடு நமக்கு வாடகைக்குக் கிடைத்தது. நாமே பொங்குவோம், நாமே தின்போம், கிணற்றடியில் பாத்திரம் தேய்ப்போம். “யாருக்கும் பாரமாக வேண்டாம்க்கா, நாமே சமைச்சுக்கலாம்” என்று முதல் வருஷமே முடிவு செய்தவள் நீ. நம்மை அக்கா தங்கை என்று அந்த ஊரில் சொல்லி வைத்தவளும் நீதான்.

எனக்கும் அது பிடித்திருந்தது. யாரும் வந்து உபசரிக்காத, எதையும் கேட்காத இடம். முனியம்மா வாசலோடு நின்று பேசுவாள், பால் செம்பைப் படியில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். கூச்ச சுபாவம் என்று நினைத்தேன். ஆதாரமில்லாமல் எதையும் நம்பாதவள் என்று என்னை நீயே கேலி செய்வாய். சரித்திரம் படித்தவளின் புத்தி அது. உன்னிடம் மட்டும் நான் ஆதாரம் கேட்டதில்லை.

இந்த முறை போன அன்றே ஸ்டவ் மக்கர் செய்தது. எவ்வளவு பம்ப் அடித்தும் மண்ணெண்ணெய் பீறியதே தவிரப் பற்றவில்லை. முனியம்மா வீட்டுக்குப் போய், இன்றைக்கு இங்கேயே சாப்பிடட்டுமா என்று கேட்டேன். களி கிண்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“எங்க வூட்லயா டீச்சரம்மா? நீங்கதான் யாரு வூட்லயும் கை நனைக்க மாட்டீங்களே?”

யார் சொன்னது என்றேன்.

“உங்க தங்கச்சிதாங்க. மொத வருசமே சொல்லிட்டாங்க. நீங்க ஆசாரம் பாக்கறவங்களாம். அவங்களுக்குச் சாப்புட ஆசதான், உங்க மனசு நோவும்னு அவங்களும் தொடல. பாவமுங்க.”

உன்னைத்தான் பாவம் என்றாள், சரோ.

போன வருஷம் அவள் மகள் கல்யாணம் நடந்தது நினைவிருக்கிறதா? பந்திக்கு நம்மைக் கூப்பிடவில்லை. ஒரு முறத்தில் பச்சரிசி, பருப்பு, பூசணிக்காய், தேங்காய் என்று சமைக்காத சாமான்களைப் பரப்பி அனுப்பியிருந்தாள். நாம் சமைத்துக்கொள்வதை எவ்வளவு நாகரிகமாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று நான் வியந்து பேசினேன். “ஆமாக்கா” என்று சொல்லிவிட்டு நீ அந்த அரிசியைக் களைந்தாய். அடுத்தவர் வீட்டுச் சோற்றைத் தொடாதவர்களுக்கு இப்படிப் பச்சையாக அனுப்புவது ஊர் வழக்கம் என்று உனக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. மணப்பெண்ணை வாழ்த்தப் போனபோது பெண்கள் எல்லோரும் எனக்கு வழிவிட்டு ஒதுங்கினார்களே. அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

விடுதியில் எல்லாப் பெண்களும் ஒரே பந்தியில் உட்கார வேண்டும் என்று முதல்வரிடம் சண்டை போட்டவள் நீ. அந்தச் சரோஜா எங்கே போனாள்? அவர்கள் சோற்றைத் தொட உள்ளுக்குள் கூசியது உனக்கா? அல்லது யாரும் வராத அந்த அமைதி நமக்கு மட்டும் வேண்டும் என்று ஒரு சாக்குத் தேடினாயா? எதுவாக இருந்தாலும் உன் பெயரைச் சொல்லியிருக்கலாமே. என் பெயர் எதற்கு?

முனியம்மா மணை போட்டாள். களியும் கீரைக் கடைசலும் வைத்தாள். நான் களியை மென்று திணறுவதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். “மெல்லாதீங்கக்கா. கடைசல்ல தொட்டு அப்படியே முழுங்குங்க.” இத்தனை வருஷத்தில் அவள் என்னை அக்கா என்றது அன்றுதான்.

பிறகு மெதுவாகக் கேட்டாள். “அப்ப உங்க தங்கச்சி ஏங்க அப்படிச் சொன்னாங்க?”

உனக்கு வயிற்றுக் கோளாறு, கண்ட சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, அதைச் சொல்லக் கூச்சப்பட்டு என் மேல் போட்டிருப்பாய் என்றேன். அவள் அதை நம்பவில்லை. போனவங்களை விடுங்க என்று இன்னும் கொஞ்சம் கடைசலை ஊற்றினாள்.

உனக்காக நான் சொன்ன பொய் அது ஒன்றுதான், சரோ. இன்னொன்று சொல்ல மாட்டேன். அடுத்த மே மாதமும் அங்கே போவேன், அவள் வீட்டிலேயே சாப்பிடுவேன். அவளோ அந்த ஊரில் வேறு யாருமோ மறுபடி கேட்டால், அது என் பேச்சு அல்ல, என் தங்கையின் பேச்சு என்று உள்ளதைச் சொல்வேன்.

தங்கை என்பதை மட்டும் திருத்தப் போவதில்லை.

உன் அக்கா,
ராஜேஸ்வரி